மண்ணிறக் குளிசைகளைத் தவிர்ப்பது கேடா?

கருத்தடைக் குளிசையை மாதத்துக்கு ஒரு கிழமை நிறுத்தாமல், மூன்று நான்கு அட்டைகளைத் தொடர்ச்சியாக எடுத்து, குருதிப்போக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொள்வது நீள்சுழற்சி முறை எனப்படும். இது உடம்புக்குக் கேடு என்பது பாமன்கடை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் ஏறத்தாழ முடிந்த முடிவாக இருக்கிறது. மாதாமாதம் போகவேண்டிய இரத்தம் போகாவிட்டால் உள்ளே கட்டிப்படும், கர்ப்பப்பை பழுதாகும், பிறகு பிள்ளை தங்காது என்று தாய் மகளுக்குச் சொல்கிறாள், மாமி மருமகளுக்குச் சொல்கிறாள். சில வேளை மருந்துக்கடையில் நிற்பவரும் அதையே சொல்கிறார். இந்தக் கருத்தின் ஒவ்வொரு கூறும் பிழையானது. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் மாதந்தோறும் வலியில் சுருண்டு படுக்கும் பெண்கள், இரத்தச்சோகையோடு வேலைக்குப் போகும் பெண்கள், குளிசை நிறுத்தும் அந்த ஒரு கிழமையில் மட்டும் தலைவலியால் துடிக்கும் பெண்கள்.

இலங்கையில் பலருக்கும் பழக்கமான மிதுரி அட்டையை எடுத்துக்கொண்டால் விடயம் தெளிவாகும். அதில் 28 குளிசைகள் இருக்கின்றன. வெள்ளைக் குளிசைகள் 21, மண்ணிறக் குளிசைகள் 7. வெள்ளைக் குளிசை ஒவ்வொன்றிலும் லெவோனோஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் எதினைல் ஈஸ்ட்ரடையோல் 0.03 மில்லிகிராமும் உண்டு. மண்ணிறக் குளிசையில் ஓமோன் எதுவும் இல்லை, வெறும் இரும்புச்சத்துத்தான். அமெரிக்காவில் 2003 செப்டெம்பரில் அனுமதி பெற்ற சீசனேல் என்ற நீள்சுழற்சிக் குளிசையில் இருப்பதும் இதே இரண்டு ஓமோன்கள், இதே அளவில். 84 நாட்கள் தொடர்ந்து ஓமோன் குளிசை, பிறகு 7 நாட்கள் வெற்றுக் குளிசை என்று அட்டையின் ஒழுங்கு மட்டுமே வேறு. ஆகவே நீள்சுழற்சி என்பது புதிய மருந்தன்று. வெள்ளைக் குளிசைகள் முடிந்ததும் மண்ணிறத்தை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்குவதே அதன் முழுச் செய்முறை. இரத்தச்சோகை உள்ளவர் மண்ணிறத்தை விடும்போது அதிலுள்ள இரும்புச்சத்தையும் இழக்கிறார் என்பதால் அவருக்கு இரும்புக் குளிசை தனியாகக் கொடுக்கவேண்டும்.

மண்ணிறக் கிழமையில் வரும் குருதி மாதவிடாய் அன்று என்பதிலிருந்தே மறுப்பு தொடங்குகிறது. இயல்பான சுழற்சியில் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுகிறது. கரு வந்து தங்குவதற்காகக் கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. கரு தங்காதபோது அந்தப் படலம் உரிந்து குருதியோடு வெளியேறுகிறது. குளிசை எடுக்கும் பெண்ணுக்கு முட்டை வெளியேறுவதில்லை, படலமும் தடிப்பதில்லை. மெலிந்திருக்கும் படலத்துக்கு ஓமோன் திடீரென்று கிடைக்காமல் போகும்போது சிறிது உரிகிறது. அவ்வளவுதான். வெளியேறாமல் உள்ளே தேங்குவதற்கு அங்கே குருதி இல்லை. கட்டிப்படுவதற்கும் பழுதாவதற்கும் எதுவும் சேரவில்லை. வளராத படலம் உரியவேண்டிய தேவையும் இல்லை. குளிசை எடுக்காத ஒரு பெண்ணுக்குப் பல மாதங்கள் மாதவிடாய் வராமல் இருப்பது வேறு விடயம். சூலகத்தில் நீர்க்கட்டிகள் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் தொடர்ந்து வேலைசெய்து படலத்தைத் தடிக்கவைக்கும், அது கவனிக்கப்படவேண்டிய நோய்நிலை. குளிசையிலுள்ள புரோஜெஸ்டின் அந்தத் தடிப்பையே தடுக்கிறது. இரண்டு நிலைகளிலும் வெளியே தெரிவது ஒன்று, உள்ளே நடப்பது நேர்மாறானது. இந்த வேறுபாட்டை எவரும் விளக்கிச் சொல்லாததால்தான் ஒன்றின் பயம் மற்றதன் மேல் ஏறிவிட்டது.

அப்படியானால் 21 நாள், 7 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? கிரகரி பின்கஸ், ஜோன் றொக் ஆகியோர் 1950களில் குளிசையை உருவாக்கியபோது பெண்களுக்குக் குருதி அறவே வராமல் வைத்திருக்க அவர்களால் முடிந்தது. ஆனால் குருதி நின்றதும் கர்ப்பம் என்று பெண்கள் கலங்கினார்கள். மாதம் ஒருமுறை நிறுத்தினால் குருதி வரும், மனம் ஆறும் என்று இடைவெளி புகுத்தப்பட்டது. றொக் பக்தியுள்ள கத்தோலிக்கர். இயற்கையின் ஒழுங்கைப் பின்பற்றுவதாகத் தோன்றும் ஒரு முறையைத் திருச்சபை ஏற்கும் என்று அவர் நம்பினார். 1968 ஜூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் விடுத்த சுற்றுமடல் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. குளிசை மறுக்கப்பட்டது, இடைவெளி மட்டும் எஞ்சியது. மருத்துவத் தேவை எதையும் முன்னிட்டு அது வைக்கப்படவில்லை. பிரித்தானியாவின் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரத்துக்கான மருத்துவத் துறையமைப்பு 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில், ஏழு நாள் இடைவெளியால் உடல்நலத்துக்கு எந்த நன்மையும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறிவிட்டது. இடைவெளியால் ஒரு தீமையும் உண்டு. ஏழு நாட்களில் சூலகம் மெல்ல விழித்துக்கொள்கிறது. அடுத்த அட்டையைத் தொடங்க ஒன்றிரண்டு நாள் பிந்தினால் முட்டை வெளியேறக்கூடும். குளிசை எடுத்தும் கர்ப்பமானேன் என்று வரும் பெண்களில் பலருடைய கதை அந்தப் பிந்தலில்தான் தொடங்குகிறது.

கொழும்புக்குக் குளிசை நேற்று வந்த பொருளன்று. 1953 இல் தொடங்கப்பட்ட குடும்பத் திட்டமிடல் சங்கத்தில் பணியாற்றிய தமிழ்ப் பெண் மருத்துவர் சிவா சின்னத்தம்பி, 1960களின் தொடக்கத்திலேயே இங்குள்ள பெண்களிடையே குளிசை பற்றிய ஆய்வுகளை முன்னின்று நடத்தினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக எடுக்கப்பட்டுவரும் மருந்து குறித்து, அட்டையின் கடைசி ஏழு குளிசைகள் எதற்கு என்ற எளிய விளக்கம்கூட வீடுகளுக்குள் வந்து சேராதது பெருங்குறை.

இயற்கைக்கு மாறானது என்பது அடுத்த வாதம். மாலி நாட்டின் டோகன் இனப் பெண்களை பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானுடவியலாளர் ஆராய்ந்து 1997 இல் வெளியிட்ட முடிவின்படி, கருத்தடை எதுவும் செய்யாத அப்பெண்களுக்கு வாழ்நாளில் சுமார் 100 மாதவிடாய்களே வந்தன. கர்ப்பமும் நீண்டகாலத் தாய்ப்பாலூட்டலும் மீதியை நிறுத்தின. இன்றைய நகரப் பெண்ணுக்கு அது 400 அளவில் இருக்கிறது. எட்டுப் பத்துப் பிள்ளைகள் பெற்ற பூட்டிமாருக்கு மாதவிடாய் வந்த மாதங்களைவிட வராத மாதங்களே அதிகம். அவர்களுடைய கர்ப்பப்பை அதனால் பழுதாகவில்லை. மாதந்தோறும் தவறாமல் குருதி என்பது குறைந்த பிள்ளைப்பேற்றோடு வந்த அண்மைக்கால வழக்கம். அதை இயற்கையின் கட்டளை என்று பேசுவதற்கு ஆதாரம் இல்லை.

பெண்களின் அனுபவம் என்ன சொல்கிறது? உலக சுகாதார நிறுவனம் 1970களில் இந்தியா, பாகிஸ்தான் உட்படப் பத்து நாடுகளில் நடத்திய ஆய்வில், குருதி முற்றாக நிற்பதைப் பெரும்பாலான பெண்கள் விரும்பவில்லை. நீள்சுழற்சியை எதிர்ப்பவர்கள் இதைத் தம் பக்கச் சான்றாக எடுக்கலாம். ஆனால் அது நீள்சுழற்சியை ஒருபோதும் எடுத்துப் பார்க்காதவர்களிடம் கேட்ட கேள்வி. எடுத்துப் பார்த்தவர்களிடம் கேட்டபோது பதில் மாறியது. 1977 இல் எடின்பரோ நகரில் 196 பெண்களுக்கு 84 நாட்கள் தொடர்ச்சியாகக் குளிசை கொடுக்கப்பட்டது. குருதி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது. 82 வீதமானோர் அந்தக் குறைவை வரவேற்றனர். டெக்சஸில் பற்றீசியா சூலக் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டுகிறது. வழமையான அட்டையை எடுத்த பெண்களில், ஓமோன் குளிசை எடுக்கும் மூன்று கிழமைகளில் அடிவயிற்று வலி 21 வீதமானோருக்கு இருந்தது. இடைவெளிக் கிழமையில் அது 70 வீதமானது. தலைவலி 53 இலிருந்து 70 வீதமாக உயர்ந்தது. குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அதையே கைவிடும் பெண்களில் எத்தனையோ பேருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த இடைவெளிதான் என்று இதிலிருந்து எண்ண இடமுண்டு. கொக்ரேன் அமைப்பு 2014 இல் 12 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கருத்தடைத் திறன் இரு முறைகளிலும் ஒத்திருந்தது. தலைவலி, களைப்பு, வயிறு ஊதல், மாதவலி ஆகியவற்றில் தொடர்முறை நன்றாக இருந்தது.

நீள்சுழற்சி எடுத்த பெண்களின் முறைப்பாடுகளில் ஒன்று மட்டும் உண்மையானது, அடிக்கடி வருவது. எதிர்பாராத நாட்களில் பொட்டுப்பொட்டாகப் படுகிறது, உள்ளாடை கறைபடுகிறது. வெள்ளைச் சீருடையோடு வேலைக்குப் போகும் தாதிக்கும் பாடசாலை ஆசிரியைக்கும் இது சிறிய தொல்லையன்று. குருதி அறவே வராது என்ற விளம்பர வாக்குறுதி இங்கேதான் பெண்களை ஏமாற்றியது. ஆண்டு முழுவதும் இடைவெளியின்றி எடுப்பதற்காக 2007 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட லிப்ரெல் குளிசையை ஓராண்டு எடுத்த பெண்களில், ஆய்வின் கடைசி மாதத்தில் குருதியோ கறையோ இல்லாதிருந்தவர்கள் 59 வீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் பெண்ணுக்குத் துரோகம் செய்கிறார். சொல்லப்படாதபோது அவள் அந்தக் கறையை மாமியார் சொன்ன எச்சரிக்கை பலித்ததாகவே வாசிக்கிறாள், அடுத்த நாளே குளிசையை நிறுத்துகிறாள்.

கறைபடுவதன் காரணம் சாதாரணமானது. மெலிந்த உட்படலத்தின் நுண்ணிய குருதிக்குழாய்கள் எளிதில் கசிகின்றன. முதல் சில மாதங்களில் இது அதிகம், போகப்போகக் குறைகிறது. குளிசை தவறவிடுவதும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் எடுப்பதும் கசிவைக் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசபின், ஃபெனிட்டோயின் ஆகியவை குளிசையின் ஓமோன் அளவையே குறைத்துவிடும். அப்போது கசிவு மட்டுமன்றிக் கருத்தடையும் கெடும். எனவே வேறு மருந்துகள் எடுக்கிறீர்களா என்ற கேள்வி முதலில் வரவேண்டும். கசிவு மூன்று நான்கு நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், குறைந்தது 21 நாட்கள் ஓமோன் குளிசை எடுத்து முடித்திருக்கும் நிலையில், நான்கு நாட்கள் மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு கசிவு அடங்கும். இப்படித் தன் உடம்பைப் பார்த்து இடைவெளியைத் தானே தீர்மானிக்கும் முறைதான் பெண்களுக்கு மிகவும் ஏற்றது. நாட்காட்டியைப் பார்த்து நிறுத்துவதைவிட இது அறிவுள்ள வழி.

இங்கே ஒரு பெரிய முரண்பாட்டை எடுத்துச் சொல்லவேண்டும். மாதவிடாயைக் குளிசையால் தள்ளிப்போடுவது தமிழ் வீடுகளுக்குப் புதிதன்று. ஆடி மாதத்தில் மயூரபதி அம்மன் கோயில் திருவிழா, வேல் விழா, கும்பாபிஷேகம், கல்யாணவீடு, கதிர்காம யாத்திரை என்று வந்தால், துடக்கு வந்துவிடக்கூடாது என்று பிரிமோலூட் குளிசை எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியோ, சென்ற முறை மச்சாள் எடுத்த அட்டையில் மிஞ்சியதைக் கொண்டோதான். அதிலிருப்பது நொரெதிஸ்டரோன். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி 5 மில்லிகிராம் குளிசையை நாளுக்கு மூன்று தடவை எடுப்பார்கள், நிறுத்தி இரண்டு மூன்று நாட்களில் குருதி வரும். இதன் ஒரு பகுதியை உடம்பு எதினைல் ஈஸ்ட்ரடையோலாக மாற்றுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் எடுப்பவரின் உடம்பில் சேரும் ஈஸ்ட்ரஜன், 20 முதல் 30 மைக்ரோகிராம் உள்ள கருத்தடைக் குளிசை ஒன்றில் கிடைக்கும் அளவுக்கு ஒப்பானது. அதாவது கோயிலுக்காக எடுக்கும் குளிசையும், கேடு என்று ஒதுக்கப்படும் குளிசையும் குருதி உறைவு விடயத்தில் ஏறத்தாழ ஒரே தராசில் நிற்பவை. முன்னதை எடுப்பவருக்கு எவரும் இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை, குடும்பத்தில் எவருக்காவது காலில் குருதி உறைந்ததா என்று கேட்பதில்லை. அதை எடுக்கும் நாட்களில் கருத்தடையும் உறுதியில்லை. தெய்வத்துக்காக நிறுத்தலாம், வலிக்காக நிறுத்தக்கூடாது என்ற இந்த நியாயத்தை ஏற்க முடியாது. திருவிழாவுக்கு ஒரு கிழமை பின்போடுவதைப் பாதுகாப்பானது என்று நம்பும் வீடு, மாதந்தோறும் மயங்கிவிழும் மகளுக்கு மருத்துவர் கண்காணிப்போடு கொடுக்கும் குளிசையை மறுப்பது பெருங்கொடுமை.

வலி என்பது எல்லாருக்கும் வருவதுதானே என்று தள்ளிவிடப்படும் பெண்களில் பலருக்கு இருப்பது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, சுழற்சிதோறும் அழற்சியையும் வலியையும் உண்டாக்கும் நோய் இது. இதற்கான ஐரோப்பிய வழிகாட்டல் 2022 இல், மாதவலிக்கு ஒருங்கிணைந்த குளிசையைத் தொடர்ச்சியாகக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பெண்களுக்கு இடைவெளியே நோயைத் தூண்டும் கிழமை. அதிக குருதிப்போக்கு உள்ளவர்களுக்கும் அப்படியே. இதில் செலவும் உண்டு. இறக்குமதி செய்யப்படும் அணையாடைகள் மீது 2018 வரை இந்நாட்டில் 100 வீதத்தைத் தாண்டிய வரி இருந்தது. பிறகு குறைக்கப்பட்டாலும், 2022 நெருக்கடியின்போது விலைகள் ஏறியதை எந்த வீடும் மறக்கவில்லை. ஆண்டுக்குப் பதின்மூன்று குருதிப்போக்குகள் நான்காகக் குறைவது, இரண்டு பெண்பிள்ளைகள் உள்ள ஒரு வாடகை வீட்டில் கணக்கில் வரும் விடயம்.

குளிசைக்கு உண்மையான ஆபத்துகள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்வது மறுப்பாகாது. குளிசை எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்குக் கால் நாளங்களிலோ நுரையீரலிலோ குருதி உறைகிறது. லெவோனோஜெஸ்ட்ரல் உள்ள குளிசை எடுப்போரில் அது 5 முதல் 7 பேர். கர்ப்பத்திலும் பிள்ளைப்பேற்றை அடுத்த கிழமைகளிலும் இதைவிட அதிகம். மார்புப் புற்றுநோய் ஆபத்தில் சிறிய ஏற்றம் உண்டு. 2017 இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் ஆண்டுக்கு 100,000 பெண்களில் மேலதிகமாக 13 பேர் என்று காணப்பட்டது. மறுபக்கம், சூலகப் புற்றுநோயையும் கருப்பை உட்படலப் புற்றுநோயையும் குளிசை குறைக்கிறது, நிறுத்திப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அந்தக் காப்பு நீடிக்கிறது. இந்த ஆபத்துகள் குளிசைக்கு உரியவை, இடைவெளியை விட்டதால் முளைத்தவை அல்ல. ஆயினும் நீள்சுழற்சியில் ஆண்டுக்கு 63 நாட்கள் கூடுதலாக ஓமோன் எடுக்கப்படுகிறது என்பதை மறக்கக்கூடாது. இதனால் குருதி உறைவு கூடுகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் வழமையான முறைக்கு இருப்பது போல இதற்கு இல்லை.

35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், முன்பு குருதி உறைந்தவர், பிள்ளை பெற்று ஆறு கிழமைக்குள் பாலூட்டுபவர், மார்புப் புற்றுநோய் வந்தவர் ஆகியோருக்கு இரு முறையும் ஆகாது. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் மின்னல்போல் ஒளிக்கோடுகள் தெரிபவர்களுக்கும் ஆகாது. இடைவெளிக் கிழமைத் தலைவலிக்கு நீள்சுழற்சி நல்ல மருந்து என்பதால், இந்த இருவகைத் தலைவலியையும் பிரித்தறியும் கேள்வியைக் கேட்காமல் எவரும் அதை எழுதிக்கொடுக்கக்கூடாது.

பிள்ளை தங்காது என்ற பயம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. திருமணமாகி முதல் பிள்ளையைப் பின்போட விரும்பும் பெண்ணை வாயடைக்கச் செய்வதும் அதுவே. லிப்ரெல் குளிசையை இடைவெளியின்றி எடுத்து நிறுத்திய 187 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, 185 பேருக்கு 90 நாட்களுக்குள் மாதவிடாய் திரும்பியது அல்லது கர்ப்பம் தரித்தது. நடுப்புள்ளி 32 நாட்கள். இந்தப் பயம் எங்கிருந்து பரவியது என்பதற்கு ஒரு நியாயமான ஊகம் உண்டு. மூன்று மாத ஊசி இலங்கையில் பரவலாகப் போடப்படுவது. அதுவும் மாதவிடாயை நிறுத்தும். அதை விட்ட பிறகு கருத்தரிக்க மற்ற முறைகளைவிடச் சராசரியாக நான்கு மாதங்கள் கூடுதலாகச் செல்லும், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். ஊசியில் கண்ட தாமதம் குளிசையின் மேல் ஏற்றப்பட்டு, தாமதம் மலடாகத் திரிந்து பேசப்படுகிறது. ஊசி தசைக்குள் இருந்து மாதக்கணக்கில் கசிவது, குளிசையின் ஓமோன் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும்.

குருதி வராவிட்டால் கர்ப்பமானதை எப்படி அறிவது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. மண்ணிறக் கிழமைக் குருதியும் அதற்கு உறுதியான சாட்சியன்று, தொடக்கக் கர்ப்பத்திலும் சிலருக்குக் குருதி படும். குளிசை தவறியிருந்தாலோ, வாந்தியும் வயிற்றோட்டமும் நாள்கணக்கில் இருந்தாலோ, சந்தேகம் எழும்போதே சிறுநீர்ச் சோதனை செய்வதுதான் வழி. அதற்கான பட்டியை மருந்துக்கடையில் வாங்கலாம்.

இவ்வளவையும் சொல்லவேண்டிய இடம் குடும்பநல மாதுவும் சுகாதார வைத்திய அதிகாரியும் இருக்கும் கிளினிக். அங்கே கொடுக்கப்படும் விளக்கம் பெரும்பாலும் வெள்ளை முடிந்தால் மண்ணிறம், மண்ணிறம் முடிந்தால் புதிய அட்டை என்பதோடு நின்றுவிடுகிறது. மண்ணிறத்தை எப்போது விடலாம், கறைபட்டால் என்ன செய்யவேண்டும், எவர் விடக்கூடாது என்ற மூன்றையும் தமிழில் எழுதிய ஒரு துண்டு அட்டையோடு சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும். எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் கிளினிக்கில் நடக்கக்கூடும். ஒவ்வொரு கசிவையும் குளிசையால் என்று சொல்லி அனுப்பிவிடுவது அது. ஆறு மாதம் சீராக இருந்தபின் புதிதாகத் தொடங்கும் கசிவு, உறவுக்குப் பின் படும் குருதி, துர்நாற்றத்தோடு வரும் வெள்ளைபடுதல் ஆகியவை கருப்பைக் கழுத்தைப் பார்த்துச் சோதிக்கவேண்டியவை. 35, 45 வயதுகளில் அந்தச் சோதனைக்கென்று 1996 முதல் நடக்கும் சுவநாரி கிளினிக்குகளில் இதைச் செய்துகொள்ளலாம். குளிசை எடுக்கும் பெண் எந்த முறையில் எடுத்தாலும் அந்த வயதுச் சோதனையைத் தவறவிடக்கூடாது.